பரணில் மரநாய்: வேலூர் வீடு ஒன்றில் நடந்த வெளியேற்றம்

சித்திரை மாதம். வேலூரில் மழைத்துளி இல்லை. அந்த நேரத்தில் காகிதப்பட்டறைப் பக்கம், மலையடிவாரத்து வீடு ஒன்றிலிருந்து சீலிங் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். கட்டடப் பழுதுபார்ப்பு எடுத்துச் செய்பவனுக்கு இது விசித்திரமான புகார். தண்ணீர்த் தொட்டி அந்தப் பக்கம் இல்லை, பைப்பும் போகவில்லை. போய்ப் பார்த்தால், பின்கட்டு அறையின் ஃபால்ஸ் சீலிங்கில் தாம்பாளம் அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. பக்கத்தில் இன்னொன்று, ஓரம் இன்னும் காயாமல். மூக்கைக் கிட்டே கொண்டுபோனதும் அது தண்ணீர் இல்லை என்று தெரிந்துவிட்டது.

வீடு பழையது. முன்பகுதி மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய தட்டைக் கூரை; பின்பகுதி மங்களூர் ஓடு. ஓட்டறையில் வெயில் காலத்தில் இருக்க முடியவில்லை என்று சில வருடங்களுக்கு முன் சீலிங் அடித்திருக்கிறார்கள். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஓர் ஆள் தவழ்ந்து போகலாம். வெளியில் ஒரு சப்போட்டா மரம், அதன் கிளை ஓட்டின் மேலேயே படுத்திருந்தது. ஓய்வுபெற்ற டீச்சரம்மா, மகன், மருமகள், பேரன் என நாலு பேர். ராத்திரி பத்து மணிக்கு மேல் தலைக்கு மேலே யாரோ நடப்பது போலத் தடதடவென்று சத்தம், விடியுமுன் மறுபடி அதே சத்தம் என்று மருமகள் சொன்னார். பேரன் அந்த அறையில் படுப்பதையே விட்டுவிட்டான்.

எனக்கு முன்பே அங்கே சில வைத்தியங்கள் நடந்திருந்தன. கரையானுக்கு மருந்தடிக்க வந்த ஒரு கம்பெனிக்காரர் எலி என்று சொல்லிவிட்டு, ஒட்டும் அட்டையும் விஷக் கட்டியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அட்டையில் மாட்டியது இரண்டு பல்லி. விஷக் கட்டியை நல்லவேளையாக எதுவும் தொடவில்லை. இந்த வகைக் கட்டிகளில் பெரும்பாலும் புரோமடியோலோன் இருக்கும். ரத்தம் உறையாமல் செய்து, நாள்கணக்கில் இழுத்து, எங்கேயோ ஓர் இடுக்கில் போய்ச் சாகடிக்கும். அந்த இடுக்கு உங்கள் சீலிங்காக இருந்தால் மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் மிளகாய்ப் புகை போட்டிருக்கிறார்கள், வீட்டில் இருந்த நாலு பேரும் இருமியதுதான் பலன். கடைசியாக ஒருவர் வந்து, 3,000 ரூபாய் கொடுத்தால் கூண்டு வைத்துப் பிடித்து அமிர்திக் காட்டில் விட்டுவிடுகிறேன் என்று பேரம் பேசியிருக்கிறார். மகன் கொடுக்கத் தயார். டீச்சரம்மாதான், "எதைப் பிடிக்கப் போறேன்னே தெரியாம எப்படிப்பா கூண்டு வைப்ப?" என்று கேட்டு நிறுத்தியிருக்கிறார். இந்த நிகழ்வில் கேட்கப்பட்ட முதல் சரியான கேள்வி அதுதான்.

கூண்டுக்காரரின் யோசனையில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 9-ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்குகளை வேட்டையாடக் கூடாது என்கிறது. வேட்டை என்றால் துப்பாக்கி மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதே சட்டத்தின் விளக்கப் பிரிவில் விஷம் வைப்பது, பொறி வைப்பது, பிடிப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது எல்லாமே வேட்டைக்குள் வருகின்றன. அனுமதி இல்லாமல் கூண்டு வைக்கும் ஆளுக்கு மட்டுமல்ல, வைக்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் தலைவலிதான்.

நான் கறையை மட்டும் துடைத்து, ஷீட்டை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த வாரமே மறுபடி கூப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி காட்பாடிப் பக்கம் இருக்கிறார். விலங்கியல் படித்தவர், பாம்பு மீட்பில் தொடங்கி இப்போது வீட்டுக்குள் நுழையும் எல்லா உயிரினங்களுக்கும் போகிறார். அவரை வரவழைத்தோம்.

கோலமாவு

வந்தவர் முதலில் மேலே ஏறவில்லை. வீட்டை வெளியிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தார். கைப்பிடிச் சுவரின் மேல் ஒரே இடத்தில் காய்ந்த எச்சம் குவிந்திருந்தது. குச்சியால் கிளறிக் காட்டினார். வழவழப்பான கறுப்புச் சப்போட்டா விதைகள், உடையாமல் முழுசாக. கூடவே ஒரு பப்பாளி விதைக் கொத்து, கரப்பான் பூச்சியின் சிறகு. எலி இப்படிப் போகாது, எலிப் புழுக்கை அரிசியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். பூனை மண்ணைத் தோண்டி மூடும், இப்படி மேடையில் வைத்துக் காட்டாது. ஒரே இடத்தைக் கழிப்பிடமாக வைத்துக்கொண்டு, பழத்தைத் தின்று கொட்டையை முழுசாக விடுவது மரநாயின் பழக்கம் என்றார். பெயரில்தான் நாய், அது புனுகுப்பூனை இனத்தைச் சேர்ந்த, ராத்திரியில் திரியும் மரமேறிப் பிராணி.

அப்புறம் டீச்சரம்மாவிடம் கோலமாவு கேட்டார். அவர் தயங்காமல், "அரிசி மாவு போட்டா எறும்பு வந்துடும், கல்மாவு தரேன்" என்று ஒரு டப்பாவை எடுத்து வந்தார். சப்போட்டாக் கிளை தொடும் ஓடு, சன்ஷேடு, ஓட்டுக்கூரை மெட்ராஸ் டெரஸ் சுவரோடு சேரும் மூலை என்று நாலைந்து இடத்தில் மெல்லிசாகத் தூவினார். வெளியே தெரிந்த ஒவ்வொரு சந்திலும் செய்தித்தாளைக் கசக்கி, இறுக்காமல் லேசாகச் செருகினார். அன்றைக்கு வேலை அவ்வளவுதான். மருமகள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. காசு வாங்கிக்கொண்டு கோலம் போட்டுவிட்டுப் போகிறாரே என்றுதான் நினைத்திருப்பார்.

மறுநாள் காலை மாவில் கால்தடங்கள் தெளிவாக இருந்தன. ஒவ்வொரு தடத்திலும் ஐந்து விரல். பூனைத் தடத்தில் நாலுதான் பதியும். சந்தேகமே இல்லை, மரநாய். சந்துகளில் இரண்டில் தாள் வைத்தபடியே இருந்தது: ஒன்று கேபிள் நுழையும் இறவாணத்து (கூரையின் வெளி ஓரத்து) மூலை, இன்னொன்று பயன்படாத பழைய சமையலறைப் புகைக்கூண்டு. மூன்றாவதில், டெரஸ் சுவரை ஒட்டி ஓர் ஓடு நழுவி உண்டான ஓட்டையில், தாள் வெளியே தள்ளப்பட்டுக் கீழே கிடந்தது. அதுதான் வாசல். பெரிய ஓட்டை என்று நினைக்க வேண்டாம், என் கைமுட்டி நுழையும் அளவு. இரண்டு முதல் ஐந்து கிலோ எடையுள்ள பிராணி அதற்குள் உடம்பை நீட்டி வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

தடம் பார்க்க எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். பாம்பு பிடிப்பதில் பேர்போன இருளர் பழங்குடிப் பெரியவர் ஒருவரிடம் என்றார். பிடிப்பதைவிடப் பார்ப்பதில்தான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம், மண்ணில் ஒரு கோடு போதும், எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள் என்றார். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் நம் தெருக்களில் இன்றும் இந்த வேலைக்குக் கொடுக்கும் கூலியைப் பேசும்போது, பெட்டிக்கடையில் பேரம் பேசுவது மாதிரிதான் பேசுகிறோம்.

குட்டிகள்

சீலிங்கில் பல்பு பொருத்திய வட்டத்தைக் கழற்றி, பைப்பு அடைப்பு பார்க்கிற குட்டிக் கேமராவை அதற்குள் விட்டு, செல்போன் திரையில் பார்த்தோம். பழைய துணிமூட்டை ஒன்றின் பின்னால் மூன்று குட்டிகள். கண் திறந்திருந்தன. தாய் தலையைத் தூக்கி வெளிச்சத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். சீறவில்லை, ஓடவும் இல்லை. முகத்தில் கறுப்பு முகமூடி போட்ட மாதிரி நிறம், நீளமான வால், அதில் வளையம் இல்லை. புனுகுப்பூனைக்கு வாலில் வளையம் இருக்கும், அது பெரும்பாலும் தரையில் திரிவது.

இங்கேதான் வீட்டில் சண்டை வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு ஊரிலிருந்து உறவுக்காரர்கள் காவடி எடுக்க வருவார்கள், பின்கட்டு அறை வேண்டும் என்று மருமகளுக்கு அவசரம். ராத்திரி தாய் வெளியே போனதும் ஓட்டையை அடைத்துவிடலாமே என்றார் மகன். தம்பி சொன்னதை அப்படியே தருகிறேன்: "அக்கா, இன்னிக்கு அடைச்சா தாய் வெளிய, குட்டி உள்ள. தாய் சும்மா போகாது, நாலு ஓட்டைப் பிரிச்சுப் போட்டுடும். அது உள்ள வர முடியலன்னா, மூணாம் நாள் இந்த ரூம்ல நாத்தம் தாங்காது." தர்மம் பேசவில்லை, ஓட்டையும் நாற்றத்தையும் பேசினார். அதில் வேலை முடிந்தது.

பிடித்துக் கொண்டுபோய் அமிர்தியில் விடலாமே என்ற கேள்வியும் மறுபடி வந்தது. அமிர்தி இங்கிருந்து 25 கிலோமீட்டர் இருக்கும், ஜவ்வாது மலைக் காடு, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஏற்கெனவே இருக்கும் மரநாய்களுக்கு அது சொந்த இடம். புதிதாக விடப்பட்டதற்கு எங்கே தண்ணீர், எங்கே பழமரம், எங்கே ஒளிவிடம் என்று எதுவும் தெரியாது. இங்கே ஓட்டை திறந்தே இருக்கும், சப்போட்டா பழுத்துக்கொண்டே இருக்கும். மலையிலிருந்து இன்னொன்று இறங்கி வர எத்தனை நாள் ஆகும்? குரங்கைப் பிடித்து வேறு ஊர்க் காட்டில் விட்ட கதைகள் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். விடப்பட்ட ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், கிளம்பிய ஊரில் அடுத்த கூட்டம் வந்து உட்கார்ந்துவிடும்.

ஆகவே முடிவு: காத்திருப்பது. மரநாய்க் குட்டிகள் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பால் மறந்து தாயின் பின்னால் வெளியே போகத் தொடங்கும். வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்தார்கள். பிடிக்க வேண்டாம், தானாகப் போனபின் அடைத்துக்கொள்ளுங்கள், குட்டி தனியாக விழுந்து கிடந்தால் கூப்பிடுங்கள் என்று அங்கிருந்தும் சொன்னார்கள்.

காத்திருந்த நாளெல்லாம் சும்மா இருக்கவில்லை. கறை விழும் இடத்துக்குக் கீழே இருந்த கட்டிலை நகர்த்தி, தார்ப்பாய் விரித்தோம். உதிர்ந்த சப்போட்டாவை ராத்திரிக்குள் பொறுக்கி எடுத்துவிட வேண்டும், தெருப்பூனைக்கு வைக்கும் சோற்றுத் தட்டைப் பகலிலேயே கழுவி வைத்துவிட வேண்டும், குப்பைக் கூடைக்கு மூடி வேண்டும் என்று சொல்லப்பட்டது. தாள் அசையாத இரண்டு சந்துகளையும் நான் அப்போதே அடைத்துவிட்டேன். உள்ளே இருப்பதற்கு வாசல் வேறு இருக்கிறதே, அதனால் ஆபத்தில்லை. பேரன் தினமும் அந்தக் குட்டிக் கேமராவில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தான். வாரத்துக்கு ஒருமுறைதான், அதுவும் பகலில், சத்தமில்லாமல் என்று தம்பி கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒருவழிக் கதவு

ஆனி பாதியில் மாவில் பெரிய தடங்களோடு சின்னத் தடங்களும் வெளியே போய்த் திரும்பின. குட்டிகள் நடக்கத் தொடங்கிவிட்டன. மேலும் சில நாள் விட்டு, மூன்றும் நன்றாக ஏறி இறங்குகின்றன என்று உறுதியான பிறகுதான் கதவு.

கதவு என்றால் பெரிய பொருள் ஒன்றும் இல்லை. அரை இஞ்ச் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷை (இரும்புக் கம்பி வலையை) வளைத்து ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு குழாய் மாதிரி செய்து, அதன் வாயை ஓட்டையோடு சேர்த்துத் திருகினோம். வெளி முனையில் மெல்லிய அலுமினியத் தகடு, மேலே கீல். உள்ளிருந்து தலையால் முட்டினால் வெளிப்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும், விட்டால் தானாக விழுந்து சட்டத்தில் அண்டிக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளினால் நகராது. நான் முதலில் செய்த தகட்டைத் தம்பி ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, கனம் அதிகம் என்று வேறு மெல்லிய தகடு போடச் சொன்னார். குட்டியால் தள்ள முடியாத கதவு கதவே இல்லை, அது பொறி. ஓரங்களை அரம் போட்டு மழுக்கினோம், ரோமமோ தோலோ மாட்டக் கூடாது. சப்போட்டாக் கிளையைக் கூரையிலிருந்து எட்டடி தள்ளி இருக்கும்படி அன்றே வெட்டினோம்.

கதவின் இரு பக்கமும் கல்மாவு. முதல் ராத்திரி தாய் வெளியே போனது, இரண்டு குட்டிகளும் போயின. மூன்றாவது உள்ளேயே தங்கிவிட்டது. விடியுமுன் தாய் திரும்பி வந்து மெஷ்ஷை வெளியிலிருந்து பிறாண்டியிருந்தது, மாவெல்லாம் கலைந்து கிடந்தது. வீட்டில் எல்லோருக்கும் பதற்றம். பகலில் கேமரா விட்டுப் பார்த்து, குட்டி நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும், தம்பி தகட்டை ஒரு கம்பியால் தூக்கிக் கட்டி அன்றைக்கு இருவழியாகவே விட்டார். அடுத்த ராத்திரி தாய் உள்ளே வந்து அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பிறகு மறுபடி தகட்டை இறக்கி, சில ராத்திரி மாவைப் பார்த்து, கேமராவில் காலி என்று உறுதி செய்தபின்தான் நான் சிமெண்ட்டைக் குழைத்தேன்.

என்னைக் கேட்டால், தொழில்முறை ஆள் என்பதற்கான காசு இந்த ஒரு முடிவுக்குத்தான். கதவை மாட்டத் தெரிந்தவர் நிறையப் பேர் கிடைப்பார்கள். மாட்டிய கதவை ஒரு நாள் திறந்துவிட வேண்டும் என்று மாவைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

துரத்திவிட்டோமே, எங்கே போகும் என்று டீச்சரம்மா கவலைப்பட்டார். மரநாய் ஒரே வளையை நம்பி வாழ்வதில்லை. மரப்பொந்து, பனையின் மட்டை இடுக்கு, பாழடைந்த கட்டடம் என்று பகலில் படுக்கப் பல இடம் வைத்திருக்கும். பின்னால் மலை முழுக்கப் பாறை இடுக்குகள்தான்.

அடைப்பு வேலை என் பங்கு. நழுவிய ஓட்டினை மாற்றி, சுவரும் ஓடும் சேரும் இடம் முழுக்க மெஷ் பதித்துக் கலவை பூசினேன். இறவாணத்தில் ஓட்டின் வளைவுக்கடியில் இருக்கும் வாய்களுக்கும் மெஷ். காற்று போக வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டறை அடுப்பாகிவிடும். கொசுவலை, ஃபோம் ஸ்ப்ரே எல்லாம் இதற்கு உதவாது, நகம் பட்டால் கிழிந்துவிடும். உள்ளே துப்புரவு வேறு கதை. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது, தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து நனைத்து, முகக்கவசம் கையுறையோடு அள்ளி, துணிமூட்டையை அப்படியே பையில் கட்டி அகற்றினோம். வாசனை மிச்சமிருந்தால் அடுத்த மரநாய்க்கு அதுவே முகவரி.

ஒரு எச்சரிக்கை இங்கே சொல்லியாக வேண்டும். மரநாயும் பாலூட்டி, ரேபிஸ் அதற்கும் வரலாம். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ எது பக்கமோ, அன்றே போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பேரன் குட்டியைத் தூக்கிக் கொஞ்ச ஆசைப்பட்டதால் இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

மொத்தச் செலவில் தம்பியின் கட்டணம் சிறு பகுதிதான். மெஷ், ஓடு, சீலிங் ஷீட், கொத்தனார் கூலி, மரம் வெட்டுக் கூலி இவைதான் பெரும்பங்கு. இந்த வேலைக்கு ஆள் தேடும்போது நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான்: அவர் முதலில் விலங்கைப் பற்றிப் பேசுகிறாரா, உங்கள் வீட்டின் ஓட்டையைப் பற்றிப் பேசுகிறாரா. வந்ததும் கூண்டின் விலையைச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். குட்டி இருக்குமா என்ற கேள்வியை அவராகக் கேட்க வேண்டும். வனத்துறைக்குச் சொல்ல வேண்டாம் என்பவர் வேண்டாம். பிடித்ததைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுப்பவரைப் பற்றி எனக்குத் தனியாகவே கோபம் உண்டு. பாம்பின் வாலைப் பிடித்து ஆட்டினால் பார்ப்பவர் எண்ணிக்கை ஏறும், அதன் முதுகெலும்பு போகும், சில சமயம் பிடித்தவர் உயிரும் போகும்.

பாம்பு என்றால் இந்தக் காத்திருப்பு எதுவும் பொருந்தாது. வீட்டுக்குள் பாம்பைப் பார்த்தால் ஒருவர் தள்ளி நின்று அதைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கு 101-லோ வனத்துறைக்கோ பேச வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலும் நம் பக்கம் உண்டு. சாரையைப் பார்த்து நாகம் என்று அடிப்பதும் உண்டு. பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்திருக்கிறது. பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதற்கு அது போதும். ஆனால் பாம்பு போன பிறகு செய்ய வேண்டியது இதே வேலைதான்: கதவடிச் சந்து, கழிவுநீர்க் குழாய் வாய், எலி வளை, விறகுக் குவியல்.

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மறுபடி போய்ப் பார்த்தேன். கலவை பிளக்கவில்லை, மாவு தூவினாலும் தடமில்லை. ஒன்று மட்டும் பாக்கி. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், அந்தப் பக்கத்துக் கூரையில் இரண்டு ஓடு இல்லை. வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிறார், பூட்டிய வீடு. டீச்சரம்மா தன் செலவிலேயே அடைத்துத் தரத் தயார், ஆனால் சாவி வேண்டும், அவர் சம்மதம் வேண்டும். போனில் பிடிக்க முயன்றுகொண்டிருக்கிறார்கள். அடுத்த சித்திரைக்குள் அது நடக்காவிட்டால், பொதுச்சுவரின் உச்சியில் இந்தப் பக்கமாகவே தகரம் அடித்துவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.